கஞ்சா – ஆபாசப்பட இரட்டை அடிமைத்தனமும் மீட்சியும்

இரட்டை அடிமைத்தனம் என்பது ஒருவர் ஒரே காலத்தில் இரண்டு பழக்கங்களுக்கு ஆட்பட்டிருக்கும் நிலையாகும். இதில் ஒன்றை விட முயலும்போது மற்றொன்று அவரைப் பழைய இடத்துக்கே இழுத்து வந்துவிடும். மதுவும் புகையிலையும் இப்படிச் சேர்ந்து வருவது எல்லோருக்கும் தெரிந்தது. கஞ்சாவும் கைப்பேசியில் பார்க்கும் ஆபாசப்படமும் சேர்ந்து வருவது அதிகம் பேசப்படுவதில்லை. முதலாவது சட்டத்துக்குப் பயந்து மறைக்கப்படுகிறது. இரண்டாவது வெட்கத்தால் மறைக்கப்படுகிறது. சிகிச்சைக்கு வருபவர்கூட முதலாவதை மட்டும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு இரண்டாவதை விழுங்கிவிடுவதுண்டு. பலருடைய மீட்சி பாதியில் முறிவதற்கு அந்த மறைப்பும் ஒரு காரணம்.

வெள்ளிமலையும் போதையும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலையில், ஊராட்சி ஒன்றியத் தலைமையிடமாக இருப்பது வெள்ளிமலை. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இது அமைந்துள்ளது. மலையாளிப் பழங்குடியினர் இங்குப் பெரும்பான்மையினர். சாமையும் மரவள்ளியும் பயிரிட்டு, போதாத வருமானத்துக்கு வெளியூர் வேலைக்குப் போகும் குடும்பங்கள் பல.

இப்பகுதியில் போதை என்றவுடன் நினைவுக்கு வருவது சாராயம்தான். ஓடையோரம் ஊறல் போடுவதும், காவல்துறை வந்து அதைக் கொட்டி அழிப்பதும் பல பத்தாண்டுகளாகத் தொடரும் கதை. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை பற்றி வழக்கெடுத்து விசாரித்தது. அந்தத் துயரத்துக்குப் பின் சாராயத்தைப் பற்றிய எச்சரிக்கை வீடுதோறும் போய்ச் சேர்ந்துவிட்டது எனலாம்.

ஆனால் சாராயத்துக்கு வாடை உண்டு, தள்ளாட்டம் உண்டு, ஊர் கண்டுபிடித்துவிடும். கஞ்சாப் பொட்டலம் சட்டைப்பையில் அடங்கிவிடுகிறது. கைப்பேசித் திரையோ போர்வைக்குள் அடங்கிவிடுகிறது. ஆந்திர – ஒடிசா எல்லை மலைகளில் விளையும் கஞ்சா தொடர்வண்டியிலும் லாரியிலும் தமிழ்நாட்டுக்குக் கடத்தப்படுவதால், 2021 டிசம்பரில் காவல்துறை ‘கஞ்சா வேட்டை’ என்ற பெயரில் மாநிலம் முழுதும் சோதனைகளைத் தொடங்கியது. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் சுமார் 3.1 கோடிப் பேர் ஓராண்டுக்குள் கஞ்சா, சரஸ், பாங்கு ஆகியவற்றுள் ஒன்றைப் பயன்படுத்தியவர்கள். அவர்களுள் சுமார் 72 லட்சம் பேருக்கு உதவி தேவைப்படுகிறது. கைப்பேசியின் கதை இன்னும் வேகமானது. 2016க்குப் பின் இணையக் கட்டணம் சரிந்தது. 2020 பொதுமுடக்கத்தில் பாடம் படிக்கவென்றே பள்ளிப் பிள்ளைகளின் கையில் கைப்பேசி கொடுக்கப்பட்டது. பாடம் முடிந்த பிறகு அதைத் திரும்ப வாங்கி வைத்த வீடுகள் எத்தனை இருக்கும்?

இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் விதம்

எடுத்துக்காட்டாக, மலையிலிருந்து திருப்பூருக்குப் பனியன் நிறுவன வேலைக்குப் போன இளைஞர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். இரவுப் பணி, நான்கு பேர் தங்கும் வாடகை அறை, தெரிந்த முகம் இல்லாத ஊர். உடல் வலிக்கும் தூக்கத்துக்கும் என்று அறைத்தோழர் நீட்டிய பீடியில் கஞ்சா அறிமுகமாகிறது. தனிமைக்குக் கைப்பேசி ஏற்கெனவே துணையாக இருக்கிறது. சில வாரங்களில் இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே மூலையில், ஒரே மனநிலையில் நடக்கத் தொடங்குகின்றன.

மணி அடித்தபின் உணவு தந்து பழக்கிய நாய்க்கு, பிறகு மணியோசை கேட்டாலே எச்சில் ஊறும் என்று ரஷ்ய அறிஞர் பாவ்லவ் காட்டியதை உயர்நிலைப் பள்ளி மாணவரும் அறிவர். இங்கு நடப்பதும் அத்தகைய பிணைப்புத்தான். புகை உள்ளே போனதும் விரல் கைப்பேசியைத் தேடுகிறது. படம் ஓடத் தொடங்கியதும் புகை வேண்டும் என்கிறது மனம். கஞ்சா நேர உணர்வைக் குழப்பி, ‘போதும்’ என்று சொல்லும் தடுப்பாற்றலைத் தளர்த்துவதால், கால் மணி நேரம் என்று எடுத்த கைப்பேசி விடியும்வரை கீழே வைக்கப்படுவதில்லை. விடிந்த பிறகு குற்ற உணர்வு வருகிறது. அதை மறக்க மறுபடியும் கஞ்சா.

இந்த வட்டத்தைத் தெரிந்துகொண்டால், ஒன்றை மட்டும் விடுவது ஏன் தோற்கிறது என்பது விளங்கும். கஞ்சாவை நிறுத்தியவருக்கு முதல் வாரத்தில் தூக்கம் வராது. இரவு 2 மணிக்குக் கையில் இருப்பது கைப்பேசி மட்டுமே. ‘இதையாவது வைத்துக்கொள்வோம், கஞ்சாவை விட்டதே பெரிது’ என்று தோன்றும். ஆனால் அந்தப் படம்தான் கஞ்சாவின் நினைவைத் தூண்டும் மணியோசை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பொட்டலம் வாங்கக் கால் தானாகப் போகும். மறுபுறம், ஆபாசப்படத்தை மட்டும் விட்டுக் கஞ்சாவைத் தொடர்பவருக்கு, தடுப்பாற்றல் தளர்ந்த ஒரு மாலையில் உறுதி கரைந்துபோகும். ஆகவே இரண்டுக்கும் ஒரே நாளைத் தொடக்க நாளாக வைத்துக்கொள்வதே பலருக்கும் ஏற்ற வழி. எல்லாவற்றையும் ஒரே நாளில் விடச் சொல்வது கடுமையாகத் தோன்றலாம். பிணைந்த இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதோடு போராடுவது அதைவிடக் கடினம்.

மூளையில் நடப்பது

கஞ்சாவின் போதைப்பொருளான டி.எச்.சி.யை 1964இல் தனியே பிரித்தெடுத்தவர்கள் இஸ்ரேலைச் சேர்ந்த ரபேல் மெக்கூலம், யெகியேல் கவோனி ஆகியோர். மனித மூளை தானாகவே சுரக்கும், அதே ஏற்பிகளில் சென்று பொருந்தும் ஒரு பொருள் 1992இல் மெக்கூலத்தின் ஆய்வகத்தில் கண்டறியப்பட்டது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘ஆனந்தமைடு’. நம் ‘ஆனந்தம்’ என்ற சொல்லின் வடமொழி மூலத்திலிருந்தே அப்பெயர் எடுக்கப்பட்டது. வெளியிலிருந்து டி.எச்.சி. நாள்தோறும் வெள்ளமாக வந்தால், மூளை அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கிறது. பின்னர் சாதாரண மகிழ்ச்சி – பசித்துச் சாப்பிடுவது, நண்பரோடு சிரிப்பது – சப்பென்று ஆகிவிடுகிறது. நிறுத்திய பிறகு ஏற்பிகள் சில நாட்களிலேயே மீளத் தொடங்கி, ஏறக்குறைய 4 வாரங்களில் இயல்புக்கு அருகில் வந்துவிடுவதை மூளைப் படப்பிடிப்பு ஆய்வுகள் காட்டியுள்ளன. மீட்சியில் இருப்பவர் நம்பிப் பிடித்துக்கொள்ளத்தக்க உண்மை இது.

ஆபாசப்படத்தில் வெளியிலிருந்து எந்த வேதிப்பொருளும் உடலுக்குள் நுழைவதில்லை. எனினும், கட்டுப்பாடற்ற பாலியல் நடத்தை கொண்ட 19 ஆண்களைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட முடிவில், அத்தகைய காட்சிகளைக் கண்டபோது அவர்கள் மூளையில் தூண்டப்பட்ட பகுதிகள் போதைக்கு அடிமையானவர்களிடம் தூண்டப்படும் பகுதிகளை ஒத்திருந்தன. 19 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இதை ‘அடிமைத்தனம்’ என்று அழைக்கலாமா என்பதில் அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஐ.சி.டி.-11 நோய்ப் பட்டியலில் ‘கட்டாய உந்துதல் பாலியல் நடத்தைக் கோளாறு’ என்று தூண்டல்-கட்டுப்பாட்டுக் கோளாறுகளின் கீழ் இதைச் சேர்த்துள்ளது. 6 மாதம் அல்லது அதற்கு மேல் கட்டுப்படுத்த முடியாமல் தொடர்வதும், படிப்பு, வேலை, குடும்பம், உடல்நலம் கெடுவதும் இதன் அடையாளங்கள்.

அதே பட்டியலில் ஒரு முக்கியக் குறிப்பும் உள்ளது: ஒழுக்கம் பற்றிய குற்ற உணர்வால் மட்டும் மனம் வருந்துவது நோயாகாது. நம் ஊர்ச் சூழலுக்கு இக்குறிப்பு மிகவும் தேவையானது. எப்போதோ ஒருமுறை பார்த்துவிட்டு, தான் கெட்டழிந்துவிட்டதாக நடுங்கும் பதின்வயதுப் பிள்ளைக்குத் தேவை மருந்தும் அன்று, மறுவாழ்வு மையமும் அன்று. சரியான பாலியல் அறிவும் கேட்கத்தக்க ஒரு பெரியவரும் போதும். அந்த நடுக்கத்தைக் காசாக்க ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சுவரொட்டி ஒட்டும் போலி வைத்தியர்கள் பேருந்து நிலையங்களில் இன்னும் இருக்கிறார்கள்.

முதல் நான்கு வாரம்

கஞ்சாவை நிறுத்திய 1 அல்லது 2 நாட்களில் எரிச்சல், பதற்றம், பசியின்மை, வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். முதல் வாரத்துக்குள் அவை உச்சத்தைத் தொட்டு, 2 முதல் 3 வாரங்களில் தணியும். தூக்கக் கோளாறும் விசித்திரமான, தெளிவான கனவுகளும் மட்டும் இன்னும் சில வாரம் நீடிக்கலாம். கஞ்சா கனவுத் தூக்கத்தை அமுக்கி வைத்திருந்ததால், நிறுத்தியதும் அது பீறிட்டுக்கொண்டு வருகிறது. இதை முன்கூட்டியே அறியாதவர் ‘எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது’ என்று பயந்து திரும்பவும் புகைக்கிறார். ஆபாசப்படத்தை விட்டவருக்கும் இதே காலத்தில் வெறுமையும் எரிச்சலும் தோன்றலாம். இரண்டையும் சேர்த்து விடுவதில் ஒரு வசதி உண்டு: இருமுறை படவேண்டிய பாட்டை ஒருமுறையில் பட்டுவிடலாம்.

கஞ்சா விடுவதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இதுவரை இல்லை. தூக்கம், பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றுக்கு மருத்துவர் குறுகிய காலம் மருந்து தரலாம். முதன்மையான சிகிச்சை பேச்சு வழியிலானது. எண்ணத்தையும் நடத்தையையும் கவனித்து மாற்றும் அறிதல் நடத்தைச் சிகிச்சை இரண்டு பழக்கங்களுக்கும் பொருந்துகிறது. பெரும்பாலோர்க்கு மருத்துவமனையில் தங்க வேண்டிய தேவையும் இல்லை. காதில் குரல் கேட்பது, யாரோ தனக்கு எதிராகச் சதி செய்வதாக நம்புவது, தற்கொலை எண்ணம் ஆகியன தோன்றினால் மட்டும் தாமதமின்றி மனநல மருத்துவரிடம் செல்ல வேண்டும். சுவீடன் நாட்டில் படைக்குத் தேர்வான 45,000க்கும் மேற்பட்ட இளைஞர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து, 1987இல் வெளியிட்ட ஆய்வில், 18 வயதுக்குள் 50 முறைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியவர்களுக்கு மனச்சிதைவு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 6 மடங்காக இருந்தது. ‘அது மூலிகைதானே’ என்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவற்றுள் முதலாவது, இரவில் கைப்பேசி படுக்கைக்கு வராமல் பார்ப்பது. அதைப் பெரியவர் ஒருவரிடம் கொடுத்துவிடலாம். 4 வாரத்துக்குப் பட்டன் கைப்பேசிக்கு மாறுவது அதைவிட நல்லது. இணையத் தளங்களை அரசு தடுத்துவிடும் என்று நம்பியிருப்பதில் பயனில்லை. 2018இல் 827 தளங்களைத் தடை செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. பெயரை மாற்றிக்கொண்டு அவை திரும்பி வந்துவிட்டன. இரண்டாவது, வழக்கமாகப் புகைத்த நேரத்தையும் இடத்தையும் மாற்றுவது. மாலை 6 மணிக்குக் கிணற்றுமேட்டில் கூடும் பழக்கம் இருந்தால், அந்த நேரத்தில் வேறொரு இடத்தில், வேறொரு வேலையில் இருக்க வேண்டும். மலைக்காட்டில் வேர்க்க வேலை செய்தவருக்கு வரும் தூக்கம் எந்த மாத்திரையிலும் வராது. மூன்றாவது, கஞ்சாவைப் பீடிப் புகையிலையோடு கலந்து இழுத்தவருக்கு நிகோடினும் ஒரு பிடிதான். பீடியை வைத்துக்கொண்டால் கஞ்சாவின் நினைவு போகாது. கஞ்சாவுக்குப் பதிலாக ‘ஒரு கிளாஸ்’ என்று சாராயத்துக்குத் தாவுவது பற்றிக் கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இடறலும் வீழ்ச்சியும்

அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் 1985இல் வெளியான தம் நூலில், ஒருமுறை இடறுவதையும் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்புவதையும் பிரித்துக் காட்டினார். இடறியவர் ‘எல்லாம் போயிற்று, இனி விட்டாலென்ன, விடாவிட்டாலென்ன’ என்று நினைக்கும் அந்த நினைப்பே இடறலை வீழ்ச்சியாக்குகிறது என்பது அவர் கண்டது. ஒரு நாள் படம் பார்த்துவிட்டவர், அதனால் கஞ்சாவையும் தொட்டாக வேண்டும் என்பதில்லை. அன்று என்ன நடந்தது, தனியாக இருந்தாரா, சண்டை போட்டாரா, தூங்கவில்லையா என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால், 4 அல்லது 5 இடறல்களுக்குள் ஒரே மாதிரியான காரணம் தென்பட்டுவிடும். வேட்கை என்பது அலை போல எழுந்து உச்சம் தொட்டுத் தானே தணிவது என்றும், அதை எதிர்த்து மல்லுக்கட்டாமல் அது தணியும்வரை கவனித்திருக்கலாம் என்றும் மார்லட் பயிற்றுவித்தார்.

குடும்பம், பள்ளி, ஊர்

கோயிலில் சத்தியம் வாங்குவதும் கயிறு கட்டுவதும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பரவலான வழக்கம். நான்கு பேர் அறிய எடுத்த உறுதி சிலருக்கு நல்ல தூண். ஆனால் கயிறு கட்டிய பின் இடறியவர், சாமி குற்றமும் சேர்ந்துவிட்டதாக அஞ்சி முன்னைவிட ஆழமாக ஒளிந்துகொள்வதும் உண்டு. ஆகவே கயிற்றோடு சிகிச்சையும் வேண்டும். உண்டு உறைவிடப் பள்ளியில் மாணவர் பிடிபட்டால் மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்புவது எளிது. அப்படி மலைக்குத் திரும்பிய பையனுக்கு நாள் முழுதும் தனிமையும் கைப்பேசியும்தான் மிச்சம். பள்ளி கழுவிக்கொண்ட கையை ஊர் கழுவ முடியாது. வீட்டில் ‘எங்கே ஒளிச்சு வச்சிருக்கே?’ என்று நாள்தோறும் பையைச் சோதிப்பதைவிட, ‘ராத்திரி தூங்கினியா கண்ணு?’ என்று தாய் கேட்பது அதிகம் பயன் தரும். தூக்கம்தான் முதலில் கெடுவது, கடைசியில் சீராவதும் அதுவே.

சிகிச்சை ஊரைத் தேடி வர முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, மதுவுக்கு அடிமையானவர்களுக்குத் திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் சிகிச்சை முகாம்களை நடத்தியது. நோயாளி நகரத்துக்குப் போகாமல், உள்ளூர் மக்களின் துணையோடு ஊரிலேயே தங்கிச் சிகிச்சை பெற்றார்; முகாம் முடிந்த பிறகும் அவரைக் கவனிக்க ஊரார் இருந்தனர். கள்ளக்குறிச்சிக்கு இறங்கி ஏறவே அரைநாள் கூலி போய்விடும் வெள்ளிமலை போன்ற இடத்துக்கு இம்முறை பொருத்தமானது.

சட்டமும் உதவியும்

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சா வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் குற்றம். அதே சட்டத்தின் 64ஏ பிரிவை அறிந்தவர் குறைவு. பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ (கஞ்சாவுக்கு 1 கிலோ வரை) உள்ளானவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், அவருக்கு வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது அப்பிரிவு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கும் போய்விடும்.

ஆபாசப்படத்தைப் பொறுத்தவரை, 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், இளந்தலைமுறையைத் தண்டிப்பதைவிட அறிவுரை தந்து மீட்க வேண்டும் எனக் கருத்துரைத்து, குழந்தைகள் இடம்பெற்ற படத்தைக் கைப்பேசியில் வைத்திருந்தவர் மீதான வழக்கை நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, குழந்தைகள் இடம்பெறும் காட்சிகளை அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பது போக்சோ சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி குற்றமாகலாம் எனத் தீர்ப்பளித்தது. அவை படங்கள் அல்ல, குழந்தைகள் மீதான கொடுமையின் பதிவுகள் என்பதால் ‘குழந்தை ஆபாசப்படம்’ என்ற சொல்லையே கைவிடவும் சொன்னது. தன் பழக்கம் அந்தப் பக்கம் நகர்வதை உணர்பவர் ஒரு நாளும் தாமதிக்காமல் மனநல மருத்துவரை நாட வேண்டும்.

தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதாயின், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றதா என்று கேட்டறிய வேண்டும். சங்கிலியால் கட்டுவதை அச்சட்டம் முற்றாகத் தடை செய்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகியதை நினைவில் வைத்திருக்கும் மாநிலம் இது. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் மனநலப் பிரிவை அணுகலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் கைப்பேசி, இணையம் சார்ந்த பழக்கங்களுக்கென்றே 2014 முதல் தனிப்பிரிவு இயங்குகிறது. போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்களில் கட்டணமின்றிப் பேசலாம். பின்னதில் தமிழிலேயே பேச முடியும்.

மருத்துவமனைக்குச் செல்பவர் எத்தனை நாளாகப் புகைக்கிறார், நாளுக்கு எத்தனை முறை, கடைசியாக எப்போது, தூக்கம் எப்படி, கைப்பேசியில் எவ்வளவு நேரம் போகிறது, என்ன பார்க்கிறார் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்வது நல்லது. கைப்பேசி பற்றிய வரியை வாய்விட்டுச் சொல்லக் கூசினால் அந்தத் தாளை அப்படியே மருத்துவர் மேசையில் வைத்துவிடலாம். உடன் வந்தவரைச் சிறிது நேரம் வெளியே இருக்கச் சொல்லும்படி மருத்துவரிடம் கேட்கவும் நோயாளிக்கு உரிமை உண்டு.